வெயில் காலத்தில் ஓய்வும் ஒரு வேலைதான்

காலை நாலரை மணிக்குப் பலாபத்வலச் சந்தியில் நின்றால், கூலி வேலைக்கு ஆள் ஏற்றும் வான்களைக் காணலாம். ஆடி, ஆவணி மாதங்களில் அவை வடக்கே கலேவெல, தம்புள்ளைப் பக்கம் போகும். அங்கே அது பெரிய வெங்காயம் பிடுங்கும் காலம். வானில் ஏறுகிறவர்களில் நம்முடைய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அநேகர். போரில் வயலையும் வீட்டையும் விட்டு வந்தவர்கள், மலையில் மண்சரிந்து லயத்தை இழந்தவர்கள், அணைக்கட்டுக்காக ஊரை விட்டவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை. முன்பு சொந்த நிலத்தில் நின்றவர்கள் இன்று பிறருடைய நிலத்தில் குனிந்து நிற்கிறார்கள்.

அப்படிப் போன ஒருவர் ஓர் ஆவணி மாதம் பிற்பகல் இரண்டு மணியளவில் வெங்காய வரிக்குள் விழுந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், நல்ல உழைப்பாளி, குடிப்பழக்கம் இல்லாதவர். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் பிறந்து வளர்ந்த அவர், அந்த வயலுக்குப் போகத் தொடங்கி அன்று நாலாம் நாள். விழுவதற்கு முன் அரை மணி நேரமாகச் சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தாராம். வெயில் மயக்கம் என்று எண்ணி ஒரு கோப்பை தேநீர் கொடுத்துவிட்டு மற்றவர்கள் தொடர்ந்து பிடுங்கியிருக்கிறார்கள். வேலை கொந்தராத்து வேலை. நின்றால் காசும் நிற்கும். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டு இப்போது மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய் வருகிறார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நான் அவரிடம் கேட்டேன்: "ஏனப்பா, உடம்புக்கு முடியாது என்று தெரிந்தும் கொஞ்சம் நிழலில் இருந்திருக்கக் கூடாதா?"

அவர் சொன்ன பதில் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. "சும்மா குந்தியிருந்தா பழசெல்லாம் வந்து முன்னாடி நிக்குது சாமி. வேலையில நின்னா அது வராது."

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பதில்தான். ஓய்வெடுங்கள் என்று உங்களுக்குப் புத்தி சொல்வது எனக்கு எளிது. நீங்கள் ஏன் ஓய்வெடுக்க முடியாமல் இருக்கிறீர்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வெயில் உடம்புக்குள் செய்வது

குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும்போது நம் தசைகளே வெப்பத்தை உண்டாக்குகின்றன. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்பு இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, வியர்க்கிறது. வியர்வை காய்ந்தால் உடம்பு குளிரும். வெளியே வெயிலும் புழுக்கமும் கூடிவிட்டால் வியர்வை வழிகிறதே தவிரக் காய்வதில்லை. நீர் குறையக் குறைய இரத்தத்தின் அளவு குறைகிறது. இருக்கிற இரத்தத்துக்குத் தோலும் தசையும் போட்டி போட, சிறுநீரகத்துக்குப் போவது சுருங்கிப் போகிறது. ஒரு நாள் இப்படி நடந்தால் உடம்பு சமாளித்துவிடும். நாள்தோறும், போகம்தோறும் நடந்தால் சமாளிக்காது.

இதில் நம்மவர்கள் அறிய வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் செல்லும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், கூடுதலாக வியர்க்கும், உப்பைக் குறைவாக இழக்கும். பழகாத உடம்புக்கு அந்த வித்தை தெரியாது. வெயிலில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களில்தான் விழுகிறார்கள். ஆகவே, பழக்கமில்லாதவருக்கு முதல் நாள் வழமையான வேலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கக் கூடாது, அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொரு பங்காகக் கூட்ட வேண்டும் என்று அமெரிக்க அரசின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. முன்பு பழகியவரே காய்ச்சலில் கிடந்து சில வாரம் கழித்துத் திரும்பினால், முதல் நாள் பாதி வேலைதான்.

குளிர்மலையில் இருந்து இறங்கி வந்தவரை நாம் என்ன செய்கிறோம்? முதல் நாளே முழு வரி கொடுக்கிறோம். அவரும் புதிய இடத்தில் தன்னைச் சோம்பேறி என்று சொல்லிவிடக் கூடாதே என்று மற்றவர்களை விட வேகமாகப் பிடுங்குகிறார். இடம்பெயர்ந்தவன் எங்கே போனாலும் அவன் புது ஆள்தான். புது ஆளுக்குத்தான் வெயிலும் கடுமை, பேச்சும் கடுமை.

நம் நாட்டின் வெயில் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. சித்திரைப் புழுக்கத்துக்கு அது ஒரு காரணம். சித்திரை மழை ஓய்ந்த பின்னர் தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வெறும் காற்றாக இறங்கும். வன்னியில் இருந்து வந்தவர்களுக்கு அது சோளகம், மட்டக்களப்பார்க்குக் கச்சான். இக்காற்றில் ஓர் ஏமாற்று உண்டு. வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீரை இழந்தோம் என்பதே தெரிவதில்லை. சட்டையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதுதான் கணக்கு.

இந்த வீதியின் பழைய கதை

அந்த வான்கள் ஓடும் வீதி கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ-9 வீதி. அதற்கு இன்னொரு சரித்திரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கு வந்த தென்னிந்தியத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட மைல் நடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாகத்தான் மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். மாத்தளைக்கு ரயில் வந்தது 1880இல். அதற்கு முன்பு வந்தவர்களுக்குக் கால்தான் வாகனம். தாகத்தாலும் பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கு எவரிடமும் இல்லை. குளங்கள் வற்றிய காலத்தில் நடந்தவர்களுக்கு நிழலும் தண்ணீரும் எவ்வளவு தூரத்துக்கு ஒன்று இருந்தது என்பதுதான் உயிருக்கும் சாவுக்கும் இடையே இருந்த வித்தியாசம். பின்னர் இந்த வழியில் தங்கு கொட்டகைகளும் தண்ணீர் வசதியும் ஏற்படுத்தப்பட்டன. ஆட்கள் செத்துக்கொண்டிருந்தால் தோட்டத்துக்கு ஆள் வராது என்ற கணக்கும் அதில் இருந்தது.

நம் முன்னோர் இதை இரக்கமாகவே செய்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் மடம், கேணி, ஆவுரஞ்சிக்கல், சுமைதாங்கி ஆகியவை பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். மனிதன் இருக்க மடம், மாடு நீர் குடிக்கக் கேணி, அது உடம்பைத் தேய்த்துக்கொள்ளக் கல், தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி ஏற்றச் சுமைதாங்கி. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டுவது வழக்கம். இறக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கன் சுமையை இறக்க ஒரு கல். சிங்கள ஊர்களில் அம்பலம என்னும் தங்குமடங்கள் இதே வேலையைச் செய்தன.

இவற்றில் நான் காண்பது ஒன்று. களைத்தவன் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. இளைப்பாறும் இடம் வழியிலேயே கட்டப்பட்டிருந்தது. அவன் இறக்கி வைத்ததைப் பார்த்து யாரும் அவனைச் சோம்பேறி என்று சொல்லவில்லை. இன்று நாம் ஓய்வை ஒவ்வொருவருடைய சொந்த விருப்பத்துக்கு விட்டுவிட்டோம். கடன்காரனுக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் நடுவே நிற்கிற ஒருவரிடம், விருப்பமானால் ஓய்வெடு என்று சொன்னால் அவர் எடுப்பாரா?

ஏற்பாடு இருந்தால்தான் ஓய்வு

குருமடத்தில் எங்களைப் பகல் உணவுக்குப் பின் கட்டாயமாகப் படுக்க அனுப்புவார்கள். இளைஞர்களாகிய எங்களுக்கு அது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது. அதன் மூலம் ஆறாம் நூற்றாண்டுவரை போகிறது என்று பிறகுதான் படித்தேன். புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் 48ஆம் அதிகாரம் கைவேலை பற்றியது. உயிர்த்த ஞாயிறு முதல் ஒக்டோபர் வரை, அதாவது அந்த நாட்டுக் கோடைக்கு, அவர் தனி நேர அட்டவணை போட்டார். விடிந்ததும் வயல் வேலை. வெயில் ஏறியதும் வாசிப்பு. ஆறாம் மணிச் செபமும் உணவும் முடிந்தபின் கட்டிலில் அமைதியாகப் படுக்கை. வெயில் சாய்ந்ததும் மறுபடி வேலை. அவர் காலத்து ஆறாம் மணி என்பது நமது நண்பகல். ஸ்பானிய மொழியில் பகல் தூக்கத்துக்கு வழங்கும் சியெஸ்தா என்ற சொல்லும் அந்த ஆறாம் மணியில் இருந்தே பிறந்தது. உழைப்பைச் செபத்துக்கு நிகராக மதித்த மனிதர் அவர். அவரே படுக்கப் போ என்று சட்டம் எழுதினார். கண்டி மறைமாவட்டத்தில் நீண்ட காலம் பணியாற்றிய சில்வெஸ்திரின் துறவிகள் அந்த ஒழுங்கைப் பின்பற்றுகிறவர்கள்தாம்.

1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலிலும் இந்தக் கருத்து வருகிறது. ஒரு பருவத்தில் இலகுவாக இருக்கும் வேலை இன்னொரு பருவத்தில் தாங்க முடியாததாகிவிடும், ஆகவே வேலை நேரத்தை நிர்ணயிக்கும்போது பருவத்தையும் பார்க்க வேண்டும் என்கிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து 1893இல் கண்டி அம்பிட்டியவில் குருமடம் நிறுவியவரும் அவரே.

நம்முடைய விவசாயிகளுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயம் அல்ல. உலர்வலயத்தில் பெத்ம என்றொரு பழைய முறை உண்டு. சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் போதாது என்று கண்டால், ஊர் கூடிப் பேசும். குளத்துக்கு அண்மையில் உள்ள வயலில் ஒரு பகுதியை மட்டும் அந்தப் போகத்துக்கு எடுத்து, உரிமைக்காரர் எல்லோருக்கும் பங்கிட்டு விதைப்பார்கள். மிச்ச நிலம் கிடக்கும். என் வயல் வாய்க்கால் தலைப்பில் இருக்கிறது, நான் முழுவதையும் விதைப்பேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் முறை குலைந்துவிடும். எல்லோரும் கொஞ்சம் செய்து, எல்லோரும் கொஞ்சம் விட்டால்தான் பயிர் கருகாமல் வீடு வந்து சேரும்.

மாத்தளைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். வெயில் ஏறுமுன் ஏன் வெட்டுகிறோம்? விடியற்காலையில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். ஏன் ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டுகிறோம்? வடிந்த பாலை மரம் மறுபடி ஊற வைக்க நேரம் வேண்டும். ஆசைப்பட்டு அளவுக்கு மீறி வெட்டினால் பட்டை காய்ந்து, ஒருநாள் கத்தி வைத்த இடத்தில் பாலே வராது. அந்த மரத்தைப் பார்த்துச் சோம்பேறி மரம் என்று எந்தத் தொழிலாளியும் சொன்னதை நான் கேட்டதில்லை.

கரும்பு வெட்டுகிறவர்கள் கண்ட பாடம்

வெயிலில் ஓய்வு கொடுத்தால் வேலை கெட்டுவிடும் என்பது வயல்காரர் அடிக்கடி சொல்லும் நியாயம். இதற்குப் பதில் தரக்கூடிய ஓர் அனுபவம் கடல் கடந்த மத்திய அமெரிக்காவில் கிடைத்திருக்கிறது. அங்கே எல் சல்வடோர், நிக்கராகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் சர்க்கரை வியாதியோ இரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் பழுதாகிப் பெருந்தொகையில் இறந்தார்கள். கடும் வெப்பத்தில் ஓய்வின்றி உழைத்ததே முக்கிய காரணம் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

2014-15 அறுவடைக் காலத்தில் எல் சல்வடோரில் ஒரு சோதனை செய்தார்கள். வயலில் இடம் மாற்றக்கூடிய நிழற்கூடாரம், முதுகில் தொங்கவிடும் தண்ணீர்ப் பை, குறித்த நேரத்தில் ஓய்வு, கைக்கு ஏற்ற புதிய கத்தி. இவற்றைக் கொடுத்தபின் ஒரு குழுவில் ஆளுக்கு நாளொன்றுக்கு வெட்டிய கரும்பு 5.1 தொன்னில் இருந்து 7.3 தொன்னாகக் கூடியது. கத்தியும் மாறியதால் முழுப் பெருமையையும் ஓய்வுக்குக் கொடுக்க முடியாதுதான். ஆனால் ஓய்வால் வேலை குறைந்தது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. 2017க்குப் பிறகு நிக்கராகுவாவின் பெரிய சீனி ஆலை ஒன்றில் ஓய்வு நேரத்தை இன்னும் கூட்டி, அதைக் கண்காணித்து நடைமுறைப்படுத்தியபோது சிறுநீரகப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. தண்ணீர் மட்டும் கொடுத்துவிட்டு ஓய்வைத் தொழிலாளியின் விருப்பத்துக்கு விட்டால் போதாது என்பதே அங்கே கண்ட பாடம். ஏனெனில் அவர்களுக்கும் தொன் கணக்கில்தான் கூலி.

நம் நாட்டில் வடமத்திய மாகாணத்திலும், இந்த மாவட்டத்து வில்கமுவவிலும் விவசாயிகளைத் தாக்கிவரும் சிறுநீரக நோய்க்கு வெயில் ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. குடிநீரையும் விவசாய இரசாயனங்களையும் விஞ்ஞானிகள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். முடிவான பதில் இன்னும் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஒரு பக்கம் அடிபடுகிற சிறுநீரகத்தை வெயிலில் வறுத்தெடுப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

உங்கள் பிள்ளைகளும் சகோதரரும் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கட்டாரில் 2021 முதல், ஜூன் 1 தொடங்கி செப்டெம்பர் 15 வரை காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்றரை மணிக்கும் இடையில் திறந்த வெளியில் வேலை வாங்கச் சட்டம் தடை விதிக்கிறது. சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் நண்பகல் தடை உண்டு. சட்டம் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறது என்பதல்ல. ஆனால் கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. வெங்காய வயலில் நாங்கள்தான் பேசி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நாங்கள் செய்து பார்த்தது

அந்த மனிதர் விழுந்த பிறகு, ஒரு வான் ஆட்களை ஞாயிறு பூசைக்குப் பின் இருத்திப் பேசினோம். என்னுடைய யோசனை ஆசீர்வாதப்பர் முறை: விடிய ஐந்தரைக்குத் தொடங்கி பத்தரைக்கு நிறுத்துவது, மூன்று மணிக்கு மறுபடி தொடங்கி ஆறு மணிக்கு முடிப்பது. ஆண்கள் தலையாட்டினார்கள். பெண்கள் பேசாமல் இருந்தார்கள். கடைசியில் ஒரு தாய் எழுந்து, "அப்ப நாங்க எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்து ஒலை வைக்கிறது சாமி?" என்று கேட்டார்.

உண்மையில் நான் அதை யோசிக்கவே இல்லை. வயலில் நீளும் நாள் அவர்களுக்கு அடுப்படியிலும் நீளும். துறவிகளுக்குச் சமைத்துப் போட ஒரு முறை வைத்திருந்தார்கள். இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? வான்காரரும் இடையில் நாலரை மணி நேரம் சும்மா நிற்பதற்குக் காசு கேட்டார். அட்டவணையைப் பெண்களே மாற்றி எழுதினார்கள். விடிய அரை மணி முந்தித் தொடங்குவது, எட்டு மணியில் இருந்து ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிடம் நிழலில் இருப்பது, பதினொன்றுக்குப் பிறகு அதைப் பதினைந்து நிமிடமாக்குவது, ஒரு மணியோடு வேலையை முடித்து வானில் ஏறுவது. நேரம் பார்க்க ஒருவர் பொறுப்பு. அவர் விசில் ஊதினால் எல்லோரும் நிமிர வேண்டும். விரும்பியவர் தொடரலாம் என்ற பேச்சு இல்லை.

இரண்டாவது மாற்றம் காசில். தனித்தனியாக எண்ணாமல் கொந்தராத்துப் பணத்தை மொத்தமாக வாங்கிச் சமமாகப் பிரித்தார்கள். வேகக்காரர் இருவர் இதை விரும்பாமல் வேறு வானுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் கடன் இருந்தது. மிஞ்சியவர்கள் புதிதாக வந்த ஒருவரை முதல் வாரம் வெங்காயம் சேர்த்துக் கட்டும் நிழல் வேலையில் வைத்தார்கள். பணம் பொதுவாக இருந்ததால்தான் அது முடிந்தது.

வயல்காரர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. மழை இருட்டிக்கொண்டு வரும்போது பிடுங்கிய வெங்காயம் வரியில் கிடந்தால் அவருக்கு எல்லாம் போயிற்று. அவருடைய பயமும் பொய்யல்ல. மழை அறிகுறி உள்ள நாளில் ஒரு மணிக்கு மேலும் நின்று கொடுப்பதாக ஆட்கள் சொன்னார்கள். இன்னொரு வயல்காரர், அவர் ஒரு முதிய சிங்கள விவசாயி, மறுநாளே நாலு கம்பு நட்டு ஓலை வேய்ந்து பந்தல் போட்டுத் தந்தார். தன் தகப்பன் காலத்தில் உச்சி வெயிலில் எருமையைக்கூட ஏரில் கட்ட மாட்டார்கள் என்றார்.

தண்ணீர் விஷயத்தில் சில வார்த்தைகள். தாகம் எடுத்த பிறகு குடிப்பது பிந்திக் குடிப்பது. கடும் வெயிலில் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பை போதும். ஒரேயடியாக ஒன்றரை லீற்றருக்கு மேல் ஒரு மணி நேரத்தில் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்புக் குறைந்துவிடும். உப்புப் போட்ட கஞ்சியும் காலைச் சோறும் எந்தப் போத்தல் பானத்துக்கும் குறைந்தவை அல்ல. சிறுநீர் கடும் தேநீர் நிறத்தில் போனால் உடம்பு எச்சரிக்கிறது என்று அர்த்தம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் இளநீர், தண்ணீர் அளவை டொக்டரிடம் கேட்டே குடிக்க வேண்டும்.

இன்னொன்று, இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். வேலை முடிந்து உடம்பு வலிக்கிறது என்று கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகள், முக்கியமாக டைக்ளோபெனாக், இபுபுரோபன் வகை, நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும். களைப்பை மறைத்து மறுநாளும் வேலைக்கு அனுப்புவதால் அவை இரண்டு வழியிலும் கெடுதல் செய்கின்றன. மாலையில் கசிப்புக் குடித்தால் களைப்புத் தீரும் என்பவர்களுக்கும் இதுவே சொல்: சாராயம் இருக்கிற நீரையும் வெளியேற்றிவிடும்.

வேலை செய்துகொண்டிருப்பவர் தடுமாறினால், உளறினால், தோல் நெருப்பாகச் சுட்டால், அது மயக்கம் அல்ல, வெப்ப அதிர்ச்சி. நிழலுக்குத் தூக்கிச் சென்று சட்டையைக் கழற்றி உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தக் கூடாது. முதலில் குளிரவைப்பது, பிறகுதான் கொண்டுபோவது.

வீட்டில் எங்கே ஓய்வு?

ஒரு மணிக்கு வேலை முடிந்தாலும் போய்ச் சேர்வது தகரக் கொட்டிலுக்கு. பிற்பகலில் அதற்குள் இருப்பதை விட வயலில் இருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. இரவும் அது வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். தூங்காதவன் மறுநாள் வெயிலைத் தாங்க மாட்டான். தகரத்தின் மேல் ஒரு கைப்பிடி உயரம் விட்டுக் கிடுகு வேய்ந்தால், இடையில் காற்றோடி உள்ளே சூடு தணியும். சீமைக்கிளுவைக் கம்பை மழைக்கு ஊன்றினால் போதும், வேறு பராமரிப்புக் கேட்காமல் விரைவாக நிழல் தரும். மிளகுக் கொடி ஏற்றவும் உதவும். இது நம்முடைய காணியா, எத்தனை நாள் இருப்போமோ, ஏன் மரம் நடுவான் என்று கேட்கிறீர்கள். பத்து வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே மரமில்லாத முற்றத்தில் இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பெண்களின் ஓய்வைப் பற்றித் தனியாக எழுத எண்ணியிருந்தேன். எழுத உட்கார்ந்தபோது, என் மடத்தில் சமைக்கிற அம்மா எந்த நேரத்தில் இருக்கிறார் என்று எனக்கே தெரியவில்லை என்பது புலப்பட்டது. அடுத்த இதழில் அவர்களில் ஒருவரையே எழுதச் சொல்கிறேன்.

இனி அந்த மனிதர் சொன்னதற்கு வருகிறேன். சும்மா இருந்தால் பழையது வந்து நிற்கிறது. இதற்கு நிழலும் தண்ணீரும் மருந்தாகாது. இழப்பை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு நிற்பதே பயம். எனக்கும் அது ஓரளவு தெரியும். அகதிக் குடும்பங்களின் காரியங்களுக்காக ஓர் ஆண்டு முழுவதும் ஒரு நாள் கூட ஓயாமல் ஓடி, ஓர் ஆவணி மாதம் பீடத்திலேயே செபத்தின் சொற்கள் மறந்து நின்றேன். அதற்கு முந்திய மாதங்களில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்ததை மற்றவர்கள் கவனித்திருக்கிறார்கள், நான் கவனிக்கவில்லை. மூத்த குரு ஒருவர் என்னை மூன்று வாரம் தம்மோடு வைத்துக்கொண்டார். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது கூட நின்றார். முதல் சில நாட்கள் சும்மா இருப்பது வேலையை விடக் கடினமாக இருந்தது. பழையவை வந்து நின்றன. ஒருவர் கூட இருந்ததால் அவை வந்து, கொஞ்சம் நின்று, போயின.

வயலில் அந்தப் பத்து நிமிட ஓய்விலும் அதைப் போல ஒன்று நடப்பதைப் பார்த்தேன். முதல் நாட்களில் எல்லோரும் நேரத்தையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். இரண்டாம் கிழமை ஒருவர் முல்லைத்தீவில் விட்டு வந்த தம் மாடுகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். லயம் புதைந்து போன பெண் ஒருத்தி தன் வீட்டு வாசலில் நின்ற கொய்யா மரத்தைப் பற்றிச் சொன்னாள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. விசில் ஊதியது, எழுந்து போனார்கள்.

விழுந்த மனிதர் இப்போது வயல் வேலைக்குப் போவதில்லை. இந்த ஆண்டு அந்த வானில் நேரம் பார்க்கிறவர் அவர்தான். கூலியில் அவருக்கும் ஒரு பங்கு கொடுப்பதா, அரைப் பங்கு கொடுப்பதா என்று ஆட்களுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை. வருகிற ஞாயிறு பூசைக்குப் பின் அதற்காக மறுபடி கூடுகிறோம்.